நோய் பிறந்த இடம்

(தாசேக் கெலுகோரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியமோ சமயமோ வரலாறோ பேசுவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். பெண்களின் அடிவயிற்றில் வரும் ஒரு புற்றுநோயைப் பற்றிப் பொதுமேடையில் பேசச் சொன்ன துணிவுக்கு முதலில் என் நன்றி. நான் நோய்க்கூறியல் மருத்துவர். நோயாளியை நேரில் பார்ப்பவர்கள் வேறு மருத்துவர்கள். அவர்கள் அறுத்தெடுத்து அனுப்புவதை வெட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து, இது என்ன நோய், எங்கிருந்து வந்தது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. இன்றைய பேச்சு அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது. சினைப்பைப் புற்றுநோய் எங்கிருந்து வருகிறது?

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிக அதிகமாகக் காணப்படுவதும் மிக அதிகமாக உயிர் வாங்குவதுமான வகை, பெரும்பாலும் சினைப்பையில் பிறப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் கருக்குழாயின் நுனியில் பிறக்கிறது. இது ஆய்வாளர்கள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளும் செய்தியன்று. பிறந்த இடம் தெரிந்ததால், இந்த நோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் வழி நமக்குக் கிடைத்துவிடவில்லை. ஆனால் வராமல் தடுக்கும் வழி கிடைத்திருக்கிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றவை இதற்கான சான்றுகள்.

பழைய விளக்கம்

உலகில் ஆண்டுதோறும் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்த நோய் வருகிறது. 2 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். இத்தனை பேர் இறப்பதற்குக் காரணம், பெரும்பாலோருக்கு நோய் வயிறு முழுவதும் பரவிய மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில் தெரியவருவதுதான். அறிகுறிகள் இல்லாமல் இல்லை. வயிறு உப்புகிறது, இரண்டு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிடுகிறது, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுகிறது, அடிவயிறு வலிக்கிறது. நம் வீட்டில் அம்மா இதைச் சொன்னால் என்ன செய்கிறோம்? "கேஸ்தான், ஓமத்தண்ணி குடிங்க" என்கிறோம். கிளினிக்கில் கேஸ்ட்ரிக் மாத்திரை தருகிறார்கள். இரண்டு மூன்று மாதம் போய்விடுகிறது. தோட்டங்களில் வாழ்ந்த நம் பாட்டிமார் காலத்தில், வயிறு வீங்கி இறந்த பெண்களை மகோதரம் வந்து போய்விட்டாள் என்றார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இந்த நோய் இருந்ததோ, கணக்கில்லை.

நோயின் காரணத்துக்கு நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்த விளக்கம் ஒன்று உண்டு. 1971இல் எகிப்திய மருத்துவர் மஹ்மூத் ஃபத்தல்லா அதை முன்வைத்தார். மாதந்தோறும் முட்டை வெளிவரும்போது சினைப்பையின் மேற்பரப்பு கிழிகிறது, பிறகு ஆறுகிறது. ஓயாமல் கிழிந்து ஆறும் இடத்தில் ஒரு நாள் பிழை நேர்கிறது. இதற்குச் சான்றும் வலுவாகவே இருந்தது. பிள்ளை பெறுவதும் தாய்ப்பால் கொடுப்பதும் முட்டை வெளியேறுவதை நிறுத்திவைக்கின்றன. அத்தகைய பெண்களுக்கு இந்த நோய் குறைவு. கருத்தடை மாத்திரையும் அப்படித்தான்: 2008இல் வெளியான பன்னாட்டுத் தொகுப்பாய்வின்படி, அதை 15 ஆண்டுகள் உட்கொண்டவர்களுக்கு ஆபத்து பாதியாகக் குறைகிறது. இடைவிடாமல் முட்டையிடும் பண்ணைக் கோழிகளுக்கு இந்தப் புற்று தானாகவே வருகிறது.

ஆனால் நுண்ணோக்கியில் ஒரு முரண் இருந்தது. சினைப்பையின் மேற்பரப்பு தட்டையான, எளிய செல்களால் ஆனது. அங்கிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட புற்றோ, கருக்குழாயின் உட்சுவரைப் போல மடிப்பு மடிப்பாக வளர்ந்திருக்கும். பாக்ஸ்8 என்ற புரதத்துக்குச் சாயமேற்றிப் பார்த்தால் கருக்குழாயின் சுரப்புச் செல்களில் அது இருக்கிறது, புற்றிலும் இருக்கிறது, சினைப்பையின் மேற்பரப்பில் பொதுவாக இல்லை. தட்டைச் செல் வழியில் எங்கோ உருமாறியிருக்க வேண்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். புற்று பக்கத்து வீட்டிலிருந்து வந்திருக்கலாம் என்று யாரும் போய்த் தேடவில்லை.

குழாயின் நுனி

கருக்குழாயை விவரித்தவர் இத்தாலிய உடற்கூறியலாளர் கபிரியேலே ஃபலோப்பியோ. அவருடைய நூல் 1561இல் வந்தது. பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தக் குழாயின் ஒரு முனை கருப்பையில் சேர்கிறது. மறுமுனை விரல்கள் போலப் பிரிந்து, சினைப்பையை ஒட்டி, வயிற்றறைக்குள் திறந்து கிடக்கிறது.

2001இல் நெதர்லாந்தின் யுர்கன் பீக் குழுவினர் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். குடும்பத்தில் இந்த நோய் இருந்ததால், நோய் வருமுன்பே சினைப்பைகளையும் குழாய்களையும் எடுத்துவிட்ட 12 பெண்களின் குழாய்களை அவர்கள் சோதித்தார்கள். 6 பேரின் குழாய்ச் சுவரில் புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் இருந்தன. அதே பெண்களின் சினைப்பைகளில் அப்படி ஒன்றும் இல்லை.

அதுவரை இது ஏன் கண்ணில் படவில்லை என்றால், நாங்கள் வெட்டிய விதம் அப்படி. குழாய் வந்தால் சாம்பாருக்கு வெண்டைக்காய் நறுக்குவது போல நடுவில் இரண்டொரு வட்டத் துண்டு வெட்டிப் பார்த்து, "மாற்றமில்லை" என்று எழுதிவிடுவோம். நுனி விரல்களை யாரும் பார்ப்பதில்லை. பாஸ்டன் நகரின் கிறிஸ்டோபர் கிரம் குழுவினர் 2006இல் இந்தப் பழக்கத்தை மாற்றினார்கள். நுனியை மட்டும் தனியே துண்டித்து நீளவாக்கில் நான்காகப் பிளப்பது, மீதிக் குழாயை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனில் முழுவதும் வெட்டுவது, ஒன்று விடாமல் எல்லாத் துண்டுகளையும் பார்ப்பது. வெட்டும் முறை மாறியதும் நோயின் தொட்டிலே கண்ணுக்குத் தெரிந்தது.

அங்கே தெரிவதைச் சொல்கிறேன். டி.பி.53 என்ற மரபணு பி53 என்ற புரதத்தைச் செய்கிறது. செல்லில் மரபணுச் சேதம் ஏற்பட்டால் பிரிவதை நிறுத்தி, பழுது பார்க்கவோ சாகவோ சொல்லும் காவல் புரதம் இது. நலமான செல்லில் அது உருவாகி விரைவில் அழிந்துவிடும். சாயமேற்றினால் இங்கொன்றும் அங்கொன்றுமாக வெளிறிய பழுப்புதான் தெரியும். மரபணு கெட்டால் இரண்டில் ஒன்று நடக்கிறது. கெட்ட புரதம் அழியாமல் தேங்கி, உட்கரு ஒவ்வொன்றும் அடர்பழுப்பாகிறது. அல்லது புரதமே உருவாகாமல், அக்கம்பக்கத்து நல்ல செல்களுக்கு நடுவே ஒரு பகுதி மட்டும் துடைத்தாற்போல் வெறுமையாக நிற்கிறது. இந்த இரண்டு கோலங்களும் எங்களுக்கு ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன.

குழாயின் நுனியில் சில பெண்களுக்கு 12 அல்லது அதற்கு மேற்பட்ட சுரப்புச் செல்கள் வரிசையாக அடர்பழுப்பில் நிற்கும். உருவத்தில் அவை நலமான செல்களாகவே இருக்கும். இதை 'பி53 கையொப்பம்' என்கிறோம். பரம்பரை ஆபத்து இல்லாத பெண்களுக்கும் இது உண்டு. பெரும்பாலும் எதுவாகவும் மாறாமல் அப்படியே இருந்துவிடும். அடுத்த படி வேறு. செல்கள் அடுக்கு அடுக்காக ஏறி, உட்கரு பெருத்து, வேகமாகப் பிரியத் தொடங்கும். சுவரைத் தாண்டாமல் அங்கேயே இருக்கும் இந்தப் புற்றின் பெயர் 'ஸ்டிக்'. அது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாமல் இருக்கலாம். நுனி வயிற்றறைக்குள் திறந்திருப்பதால், அங்கிருந்து உதிரும் செல்கள் சினைப்பையின் மீதும் வயிற்றுச் சவ்வின் மீதும் நேரே விழுகின்றன. சினைப்பையில் விழுந்தவை பெருங்கட்டியாக வளர்ந்து குழாயையும் விழுங்கிவிடுகின்றன. அறுவை மருத்துவர் வயிற்றைத் திறக்கும்போது பார்ப்பது அந்தக் கட்டியைத்தான்.

உதிர்ந்தவையும் கட்டியும் ஒரே வம்சம்தான் என்பதற்கு மரபணுவே சாட்சி. 2017இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 9 நோயாளிகளின் குழாய்ப் புண், சினைப்பைக் கட்டி, பரவிய கட்டி ஆகியவற்றின் மரபணு எழுத்துகளை ஒப்பிட்டார்கள். டி.பி.53இல் உள்ள பிழை எல்லாவற்றிலும் அச்சு மாறாமல் ஒன்றாக இருந்தது. 'ஸ்டிக்' நிலையிலிருந்து சினைப்பைப் புற்றாக மாற ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் பிடிக்கிறது என்றும், அதற்குப் பிறகு பரவல் வெகு விரைவாக நடக்கிறது என்றும் அவர்கள் கணித்தார்கள்.

ஃபத்தல்லா சொன்னதும் வீண்போகவில்லை. முட்டை வெடித்து வெளிவரும்போது கொட்டும் திரவம் நுனி விரல்களை நனைக்கிறது. மரபணுவைச் சேதப்படுத்தும் பொருள்கள் அதில் உண்டு. அடி படுவது மாதாமாதம்தான். ஆனால் படும் இடம் வேறு. 2014இல் பன்னாட்டு மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு, சினைப்பை, கருக்குழாய், வயிற்றுச் சவ்வு ஆகிய மூன்றின் புற்றுகளுக்கும் ஒரே கட்டப் பிரிவை வகுத்தது இதனால்தான்.

ஒரே உறுப்பு, பல நோய்கள்

எல்லாச் சினைப்பைப் புற்றுகளும் குழாயிலிருந்து வருகின்றன என்று நினைத்துவிடாதீர்கள். நான் இதுவரை சொன்னது 'உயர்தரச் சீரஸ்' வகையைப் பற்றி. 2011இல் அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத் தொகுதித் திட்டத்தினர் இந்த வகையைச் சேர்ந்த 316 கட்டிகளின் மரபணுக்களைப் படித்தபோது, 96 விழுக்காட்டில் டி.பி.53 கெட்டிருந்தது. மற்ற வகைகளின் கதை வேறு.

மாதவிடாய்த் திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற தொல்லை பல பெண்களுக்கு உண்டு. தெளிசெல் புற்றும் எண்டோமெட்ரியாய்டு புற்றும் பெரும்பாலும் அந்தத் திசுவிலிருந்து பிறக்கின்றன. 2010இல் தெளிசெல் புற்றுகளில் பாதியளவில் ஏ.ஆர்.ஐ.டி.1ஏ என்ற மரபணு கெட்டிருப்பது தெரியவந்தது. சளி சுரக்கும் வகையில் கே.ராஸ் என்ற மரபணு பிழையாவது வழக்கம். அந்த வகையைப் பார்த்தால் குடல்வாலிலோ குடலிலோ தொடங்கி இங்கே வந்து ஒட்டிய விருந்தாளியா என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். கிரானுலோசா செல் கட்டியின் பெரியவர் வகையில், ஃபாக்ஸ்.எல்.2 மரபணுவின் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. ஏறத்தாழ எல்லா நோயாளிகளுக்கும் அதே எழுத்து, அதே இடம். 2009இல் வான்கூவர் ஆய்வாளர்கள் கண்டது அது.

அறிக்கையில் இந்த அடையாளங்களை நாங்கள் எழுதுவது அழகுக்காக அல்ல. எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்பது இதைப் பொறுத்தது. உங்கள் வீட்டில் யாருக்காவது அறுவை சிகிச்சை நடந்தால் "சினைப்பைப் புற்று" என்ற இரண்டு சொல்லோடு திரும்பி வராதீர்கள். எந்த வகை என்று கேட்டு, அறிக்கையின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரத்தப் பரிசோதனை ஏன் போதவில்லை

இப்போது உங்களில் பலர் மனத்தில் இருக்கும் கேள்விக்கு வருகிறேன். "டாக்டர், இதற்கு ஒரு இரத்தப் பரிசோதனை இருக்கிறதாமே?" இருக்கிறது. ராபர்ட் பாஸ்ட் குழுவினர் 1981இல் உருவாக்கிய எதிர்ப்பொருளைக் கொண்டு அளப்பது, சி.ஏ.125 என்று பெயர். நோய் உறுதியான பிறகு, சிகிச்சை வேலை செய்கிறதா, நோய் திரும்புகிறதா என்று பார்க்க அது நல்ல கருவி. ஆரோக்கியமாக இருக்கும் பெண்ணிடம் நோயைத் தேட அது போதாது. மாதவிடாய், கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ் எதிலும் அது ஏறும். வயிற்றுக் காசநோய் வயிற்றில் நீர் கோர்த்து, சி.ஏ.125ஐயும் ஏற்றி, புற்றுநோய் போலவே வேடம் கட்டும். நம் நாடுகளில் மருத்துவர்கள் இதை எப்போதும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இதைச் சோதித்துப் பார்க்காமல் சொல்லவில்லை. அமெரிக்காவில் 78,216 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் ஆண்டுதோறும் சி.ஏ.125உம் ஸ்கேனும் செய்தார்கள். 2011இல் முடிவு வந்தபோது இறப்பு குறையவில்லை. நோயே இல்லாத 3,285 பேருக்கு இருப்பது போலக் காட்டியது. அவர்களில் 1,080 பேருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அதில் 163 பேருக்குக் கடுமையான பாதிப்பு நேர்ந்தது. பிரிட்டனில் உஷா மேனன், இயன் ஜேக்கப்ஸ் தலைமையில் 2,02,638 பெண்களிடம் இன்னும் நுட்பமான முறையில் செய்த ஆய்வின் இறுதி முடிவு 2021இல் வந்தது. நோயைச் சற்று முன்னதாகக் கண்டுபிடிக்க முடிந்தது. உயிரிழப்பைக் குறைக்க முடியவில்லை. பிறந்த இடத்தை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. ஒரு மில்லிமீட்டர் 'ஸ்டிக்' ஸ்கேனில் தெரியாது. இரத்தத்தில் அளக்கும் அளவுக்கு எதையும் கொட்டாது. கட்டி தெரியும் அளவுக்கு வளரும்போது செல்கள் ஏற்கெனவே உதிர்ந்துவிட்டிருக்கும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். "போன வருஷம்தான் பாப் ஸ்மியர் எடுத்தேன், ஒண்ணுமில்லேன்னுட்டாங்க" என்று அக்காமார் சொல்வார்கள். அது கருப்பை வாய்ப் புற்றுக்கான சோதனை. அந்த நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். மலேசியாவில் 2010 முதல் பள்ளி மாணவியருக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். அந்தச் சோதனையை விடாமல் செய்யுங்கள். ஆனால் சினைப்பைக்கும் கருக்குழாய்க்கும் அது காவல் நிற்காது.

இரண்டு எழுத்துகள்

சில குடும்பங்களில் இந்த நோயும் மார்பகப் புற்றும் தலைமுறை தலைமுறையாக வருகின்றன. ஆய்வாளர் மேரி கிளேர் கிங் 1990இல் அதற்குக் காரணமான மரபணு 17ஆம் குரோமோசோமில் இருக்கும் இடத்தைச் சுட்டினார்; 1994இல் பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவும், மறு ஆண்டு பி.ஆர்.சி.ஏ.2உம் கண்டெடுக்கப்பட்டன. அறுந்த டி.என்.ஏ.வைப் பிழையின்றி இணைப்பது இவற்றின் வேலை. 2017இல் வெளியான பெரிய ஆய்வின்படி, பி.ஆர்.சி.ஏ.1 கெட்டுப் பிறந்த பெண்ணுக்கு 80 வயதுக்குள் சினைப்பைப் புற்று வரும் வாய்ப்பு 44 விழுக்காடு, பி.ஆர்.சி.ஏ.2 என்றால் 17 விழுக்காடு.

சென்னை அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்தைப் பலரும் அறிவீர்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கியது. பரம்பரைப் புற்றுக்கென்று தனிப் பிரிவு அங்கே இருக்கிறது. தமிழ்நாட்டுக் குடும்பங்களில் அடிக்கடி தென்படும் பிழைகளில் ஒன்று, பி.ஆர்.சி.ஏ.1இன் தொடக்கத்தில் ஏ, ஜி என்ற இரண்டே எழுத்துகள் விடுபட்டுப் போவது. 1,863 அமினோ அமிலங்கள் கோத்து முடிக்க வேண்டிய புரதம், அந்த இரண்டு எழுத்து போனதால் 39ஆம் இடத்தில் அறுந்துவிடுகிறது. உலகெங்கும் யூதர்களிடம் காணப்படுவதாகப் பெயர் பெற்ற பிழை இது. அப்படியானால் பழைய கடல் வணிகத்தில் வந்த உறவா? 2013இல் வெளியான ஓர் ஒப்பாய்வு, சுற்றியுள்ள மரபணுப் பகுதிகளை வைத்து இதைச் சோதித்தது. அதில் மலேசியக் குடும்பங்களும் இருந்தன. யூதர் அல்லாத மலேசிய, பிரிட்டன் குடும்பங்களில் இந்தப் பிழை குறைந்தது இரண்டு முறை தனித்தனியாகத் தோன்றியது என்பது முடிவு. யாரிடமிருந்தும் வந்து தொற்றியதன்று. பிழை நேர எளிதான அந்த இடத்தில் வெவ்வேறு காலங்களில் தானாக நேர்ந்தது. ஆகவே எந்த இனமும் எந்தக் குடும்பமும் இதற்காகத் தலைகுனிய வேண்டியதில்லை.

இந்தப் பிழை தாய் வழியாக மட்டும் வருவதில்லை. அப்பாவிடம் இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ஐம்பது விழுக்காடு வாய்ப்பு உண்டு. அப்பாவுக்குச் சினைப்பை இல்லையே, அவருக்கு நோய் வராமலே போகலாம். ஆனால் அவருடைய அக்காவுக்கு, அதாவது உங்கள் அத்தைக்கு வந்திருக்கலாம். குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோயா என்று மருத்துவர் கேட்டால், நாம் அம்மாவையும் சித்தியையும் சொல்கிறோம். அப்பா வழி அத்தையை விட்டுவிடுகிறோம். அல்லது வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாள் என்று எல்லோரையுமே மறைத்துவிடுகிறோம். மறைப்பதால் பாதிக்கப்படப் போகிறவள் அந்தப் பெண்தான்.

கெட்ட பி.ஆர்.சி.ஏ. சிகிச்சைக்கு ஒரு வாசலையும் திறக்கிறது. டி.என்.ஏ.வைச் சரிசெய்யும் ஒரு வழி ஏற்கெனவே அடைபட்ட புற்றுச் செல்லில், பார்ப் என்ற புரதத்தையும் தடுத்தால் செல் பிழைக்க முடியாது; மற்றொரு வழி கைவசம் உள்ள நல்ல செல் தாங்கிக்கொள்ளும். 2005இல் ஆய்வகத்தில் தெரிந்த இந்த உண்மை 2014இல் ஒலாபரிப் என்ற மருந்தாக அங்கீகாரம் பெற்றது. ஆகவே நோயாளிக்கு மரபணுச் சோதனை அவருடைய சிகிச்சைக்கும் தேவை, மகளுக்கும் தங்கைக்கும் தேவை. மலேசியாவில் மரபணு ஆலோசகர்கள் மிகச் சிலரே என்பதால், சிகிச்சை தரும் மருத்துவர்களையே ஆலோசனைக்குப் பயிற்றுவிக்கும் திட்டம் ஒன்றை கேன்சர் ரிசர்ச் மலேசியாவின் தியோ சூ ஹுவாங், மலாயாப் பல்கலைக்கழகத்தின் வூ யின் லிங் ஆகியோர் முன்னெடுத்தனர். நமக்கு அருகில் பெர்த்தாமிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் மையம் இருக்கிறது. வழி கேட்கத் தொலைதூரம் போக வேண்டியதில்லை.

தடுக்கும் வழி

நோய் குழாயின் நுனியில் பிறக்கிறது; பிள்ளை பெற்று முடித்த பெண்ணுக்கு அந்தக் குழாயால் இனிப் பயனில்லை. சினைப்பை ஹார்மோன் சுரக்கும் உறுப்பு, அதை வீணாக எடுக்கக் கூடாது. இந்த மூன்றையும் சேர்த்து யோசித்த கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மருத்துவர்கள், 2010இல் தம் மாநிலம் முழுவதற்கும் ஒரு வேண்டுகோள் விடுத்தார்கள். கருப்பையை எடுக்கும்போது குழாய்களையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். கருத்தடைக்கு வருகிறவர்களுக்குக் குழாயைக் கட்டுவதற்குப் பதிலாக முழுவதுமாக நீக்குங்கள். சினைப்பைகளைத் தொடாதீர்கள். 2022இல் கணக்குப் பார்த்தார்கள். அப்படிச் செய்துகொண்ட 25,889 பெண்களில், வழக்கமான கணக்குப்படி ஐந்து பேருக்குச் சீரஸ் புற்று வந்திருக்க வேண்டும். ஒருவருக்கும் வரவில்லை. அவர்கள் வயதில் இளையவர்கள், தொடர்ந்து கவனித்த காலமும் குறைவு. ஆகவே இதுவே கடைசிச் சொல் அன்று. ஆனால் இரத்தப் பரிசோதனை நாற்பதாண்டில் தராத நம்பிக்கையை இது தந்திருக்கிறது.

நம் பெண்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். பிள்ளைகள் போதும் என்று ஆபரேஷன் செய்துகொள்வது தமிழ்க் குடும்பங்களில் புதிதன்று. தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதைச் செய்துகொண்டவர்கள். இங்கேயும் சிசேரியனோடு சேர்த்துச் செய்கிறார்கள். எப்படியும் ஒரு முறை வயிற்றைத் திறக்கப் போகிறார்கள். அப்போது கேட்க வேண்டிய கேள்வி இது: "டாக்டர், கட்டுவதற்குப் பதிலாகக் குழாயை முழுசா எடுக்க முடியுமா? என் நிலைமைக்கு அது சரிவருமா?" முடியாது என்றும் சொல்லலாம், அதற்குக் காரணம் இருக்கும். கேட்பதில் தவறில்லை. நோய்க்குப் பயந்து இதற்கென்றே தனி அறுவை சிகிச்சைக்கு ஓட வேண்டியதும் இல்லை.

பி.ஆர்.சி.ஏ. பிழை உள்ளவர்களுக்கு இது மட்டும் போதாது. பிள்ளைப்பேறு முடிந்த பின், பி.ஆர்.சி.ஏ.1 என்றால் 35 முதல் 40 வயதுக்குள்ளும், பி.ஆர்.சி.ஏ.2 என்றால் 40 முதல் 45 வயதுக்குள்ளும் குழாய், சினைப்பை இரண்டையும் எடுப்பதே இன்றைய பரிந்துரை. அந்த வயதில் மாதவிடாய் சட்டென்று நின்றால் எலும்பு, இதயம், தூக்கம், மனநிலை எல்லாம் பாதிக்கப்படும். எனவே முதலில் குழாய், சில ஆண்டு கழித்துச் சினைப்பை என்று பிரித்துச் செய்யலாமா என்று நெதர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் ஆராய்ந்துவருகிறார்கள்.

தாய்மார்களே, நீங்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை மூன்றே. வயிறு உப்புவதும் பசி அடைப்பதும் இரண்டு மூன்று வாரம் விடாமல் இருந்தால், கேஸ்ட்ரிக் மாத்திரையோடு நிற்காமல் ஸ்கேன் கேளுங்கள். குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ வந்திருந்தால், இரு வழியிலும் யார் யார், எந்த வயதில் என்று ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். கருப்பை அறுவையோ கருத்தடையோ செய்யும் நிலை வந்தால் குழாயைப் பற்றிக் கேளுங்கள்.

இங்கே அமர்ந்திருக்கும் ஆண்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அந்தத் தாளில் அத்தைமார் பெயரை எழுத வேண்டியவர்கள் நீங்கள்தான். உங்கள் அக்கா தங்கையின் நோய் உங்கள் மகளின் நோயாக மாறாமல் இருக்க, தயங்காமல் வாய் திறந்து சொல்லுங்கள்.